ஐந்தாவது சொட்டு

பழுதுபார்க்க என்னிடம் வந்த முந்நூறு வருடத்துச் சுருள் ஓவியம் ஒன்றின் பின்புறம் ஒட்டியிருந்த தாளை நான்கு நாட்களாக ஈரப்படுத்தி உரித்தெடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தபோது, கூழை அள்ளி அதை வார்த்த மூங்கில் தட்டியின் கோடுகளும், குறுக்கே அந்தத் தட்டியைத் தைத்திருந்த மூன்று கோணல் தையல்களின் தடமும் தெரிந்தன. பக்கத்தில், வார்த்தவர் கையிலிருந்து சொட்டிய நீர் பதிந்த நான்கு வட்டங்கள். ஐந்தாவது மட்டும் தள்ளி, ஓரத்தில் இருந்தது.

அதே போலப் புதுத் தாள் வேண்டி ஜப்பானின் எச்சிஸென் மலையில், கையால் தாள் வார்க்கும் கினுயோ அக்காவின் பட்டறைக்குப் போனேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய தட்டியில் ஒரு மூங்கில் ஈர்க்கு அப்போதுதான் முறிந்ததாம். திட்டிக்கொண்டே பட்டுநூலால் தைத்து முடித்தார். மூன்று கோணல் தையல்.

பழைய தாளை ஜன்னலில் பிடித்துக் காட்டினேன்.

"யாரு இந்தச் சோம்பேறி? ஒரே தாள்ல அஞ்சு சொட்டா! எங்க அம்மாவா இருந்தா முதுகுல ரெண்டு வச்சிருப்பாங்க" என்று சிரித்தவர், தையல்களைப் பார்த்தார். பிறகு தன் தட்டியைப் பார்த்தார்.

"தம்பி, இது எத்தன வருசத்துத் தாளு?"

"முந்நூறுக்கு மேல இருக்கும்க்கா."

தட்டியைக் கூழ்த் தொட்டியில் முக்கி எடுத்தார். நாற்பது வருடம் தாள் வார்த்த கை அது. அதிலிருந்தே ஈரத்தாளில் நான்கு சொட்டுகள் விழுந்தன. சட்டென்று தட்டியைத் தொட்டியின் மேல் வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பாத்துக்கோ. அஞ்சாவது விழாது."

பார்க்கக் குனிந்தேன். என் தலைமுடியில் இருந்த பனி அதற்குள் உருகியிருந்தது. தள்ளி, ஓரத்தில், ஒரு சொட்டு விழுந்தது.