கடலுக்குப் பந்தல்

"இரண்டடித் தொட்டிக்கு உந்தப் பெரிய லைற் என்னத்துக்கு? கலியாண வீடோ நடக்கப்போகுது?"

கிளிநொச்சி மீன்தொட்டிக் கடையில், கடைக்காரருக்கும் கேட்கும்படியாகத்தான் தாட்சாயினி கேட்டாள். அவளுடைய புருசன் கிருசாந்தன் திரும்பியே பார்க்கவில்லை.

கடைக்காரரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். முதன்முதலாக உயிருள்ள கடற்பவளம் வளர்க்கிற ஆளுக்குச் சின்ன எல்.ஈ.டி. லைற்றே போதும், இந்தப் பவளம் தொட்டியில் வளர்த்தெடுத்த மெல்லிய வகை, கடும் வெளிச்சம் தாங்காது என்றார். யார் கேட்டார்கள்? பெரியது நீலமும் வெள்ளையுமாக மின்னியது. பொத்தானிலும் கூட்டிக் குறைக்கலாம், போனிலும் கூட்டிக் குறைக்கலாம். கிருசாந்தன் அதையே கட்டிக்கொண்டு வந்தான்.

அவனுக்கு இந்தமுறை வென்றே ஆகவேண்டும். முன்பு காளான் வளர்த்தான், பூஞ்சணம்தான் வளர்ந்தது. தேனீ வளர்த்தான், பெட்டி மட்டும் மிஞ்சியது. ஒவ்வொரு தடவையும் தாட்சாயினியின் அண்ணன் பிரதாபன் பரந்தனிலிருந்து வந்து, பார்த்து, சிரித்துவிட்டுப் போவான். அன்றைக்குக் கிருசாந்தன் சரியாகச் சாப்பிடமாட்டான். இதுவும் கவிழ்ந்தால் மனுசன் உடைந்துபோய்விடும் என்று தாட்சாயினிக்குப் பயம்.

முரசுமோட்டை வீட்டு ஹோலில் தொட்டியை வைத்து, பவளத்தை விட்டு, லைற்றை நூறு வீதத்தில் போட்டான். நாலாம் நாளே பவளம் சுருங்கி, ஓரமெல்லாம் வெளிறத் தொடங்கிவிட்டது.

தாட்சாயினிக்குப் பவளம் தெரியாது, மிளகாய் நாற்றுத் தெரியும். முளைத்த கையோடு வெயிலில் விட்டால் அதுவும் இப்படித்தான் வெளிறும். மேலே தென்னோலைக் கிடுகைப் போட்டுத்தான் காப்பாற்ற வேண்டும்.

"லைற்றைக் குறையுங்கோ. நாத்துமேடைக்கு நாங்கள் பந்தல் போடுறேல்லையே?"

"கடலுக்கு ஆர் பந்தல் போட்டது?" என்றான் கிருசாந்தன். "நீர் சும்மா இரும். நூறு எண்டுதான் வாங்கினது, நூறிலதான் எரியும்."

அதற்குமேல் கதைத்துப் பயனில்லை. மறுநாள் காலை அவன் கந்தோர் வேலைக்குப் புறப்பட்டு, மோட்டார் சைக்கிள் சத்தம் ஓய்ந்ததும், தாட்சாயினி பொத்தானை அழுத்தி அழுத்தி லைற்றை முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்தாள். பின்னேரம் ஐந்துக்கு அவன் வருவதற்குப் பத்து நிமிடம் முந்தி மறுபடி நூறு. ஆறு மணிக்கு அது தானாகவே அணைந்துவிடும்.

சனி, ஞாயிறுக்கு என்ன செய்வது என்று யோசித்தாள். அதற்கு வழி அதுவாகவே வந்தது. கறண்ட் பில் கூடுமாம் என்று, வீட்டில் நிற்கும் நாட்களில் அவனே பின்னேரம்தான் லைற்றைப் போட்டான். கிழமை நாட்களில் கூடாத பில் சனி, ஞாயிறில் எப்படிக் கூடும் என்று அவள் கேட்கப் போகவில்லை.

பவளம் மெல்ல மெல்ல விரிந்தது. தாட்சாயினி குசினியில் சமைத்தபடி பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினாள். புருசனை ஏய்த்து அவனுக்கே நல்லது செய்வதில் ஒரு தனி ருசி இருக்கத்தான் செய்கிறது.

இடையில் சித்தியின் மகளுக்குப் பிள்ளை பிறந்து, பூநகரியில் மூன்று நாள் போய் நிற்க வேண்டி வந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டும் பவளத்தைத்தான் நினைத்தாள். கிருசாந்தன் வேலையால் வருவதற்குச் சற்று முன்பு வீடு திரும்பிக் கதவைத் திறந்தால், லைற் நூறில் எரிந்துகொண்டிருந்தது. பவளத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. கெட்டிக்காரப் பவளம், வெளிச்சத்துக்குப் பழகிவிட்டது என்று நெஞ்சில் கைவைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பின்னேரம் பிரதாபன் வந்தான். சிரிக்கத் தயாராகத்தான் வந்திருந்தான். தொட்டியைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் இருந்துவிட்டான்.

"எப்பிடி மச்சான் இது?"

"லைற்தான். நூறு. ஒரு புள்ளி குறைக்கக் கூடாது."

தேத்தண்ணி கொண்டுவந்த தாட்சாயினிக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. அவளும்தான் பார்த்துக்கொண்டாள் என்று ஒரு சொல் சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

பிரதாபன் படம் கேட்டான். கிருசாந்தன் போனை அவளிடம் நீட்டி, நல்லதாக இரண்டு எடுத்து அண்ணனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, அவனை வழியனுப்ப வாசல் படலைவரை போனான்.

போனில் லைற்றின் செயலி திறந்தபடியே கிடந்தது. எந்த நேரம் எவ்வளவு கூட்டியது, குறைத்தது, பொத்தானிலா போனிலா என்று எல்லாம் வரிசையாக இருந்தது. காலை 8.10, முப்பத்தைந்து, பொத்தான். பின்னேரம் 4.50, நூறு, பொத்தான். கிழமை நாளில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

அப்படியென்றால் மனுசனுக்கு முதலிலிருந்தே தெரியும். தாட்சாயினிக்குக் காது சுட்டது. தெரிந்துகொண்டே, அண்ணனுக்கு முன்னால் என்ன பீற்றல்? கோபத்தோடு விரலால் தள்ளிக்கொண்டு போனாள். பூநகரிக்குப் போன நாட்கள் வந்தன. பகலில் வீட்டில் ஒருவருமே இல்லாத மூன்று நாட்கள்.

காலை 8.10, முப்பத்தைந்து, போன். பின்னேரம் 4.50, நூறு, போன்.

மூன்று நாளும் அப்படியேதான். கந்தோரில் இருந்துகொண்டு குறைத்திருக்கிறான். திரும்ப ஏன் நூறாக்கினான் என்பதுதான் முதலில் அவளுக்கு விளங்கவில்லை. அவள் வந்து பார்க்கும்போது நூறாகவே இருக்கட்டும் என்றுதான் என்று விளங்கியபோது கண் கலங்கிவிட்டது.

படலையைச் சாத்திவிட்டு வந்த கிருசாந்தன், படம் அனுப்பியாச்சோ என்று கேட்டான்.

"ஓம்," என்றாள். முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு, "லைற் நாளைக்கும் நூறிலதானே?" என்று கேட்டாள்.

"பின்னை?" என்றான் அவன். "நீர் ஆசையாச் செய்யிற களவை நான் ஏன் குழப்புவான்?"