பதினொரு விநாடிகள்

2022 ஜூலை 14, வியாழன். மண்டபத்துக்கு மேற்கே, பாக் நீரிணைக் கரையில், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது.

கரையோர ஆய்வகத்தில் கடல் ஒலிகளைப் பதிவுசெய்யும் அவளுக்கு அது தெரியாது. அறிவிப்பு வந்த நாளிதழ் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தது.

யுபிஎஸ் கூவத் தொடங்கியது.

கடலுக்கடியில் ஓர் ஒலிவாங்கி. பத்தொன்பது நாட்களாக அது கேட்டதெல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்துகொண்டிருந்தது. கணினி நிரல் அந்தக் கோப்பை முறையாக மூடினால்தான் பிறகு திறக்க முடியும். பாதியில் நின்றால் பத்தொன்பது நாளும் போகும்.

நான்காம் நாளில், பதினொரு விநாடி, ஒரு கடற்பசுக் கன்று தாயைக் கூப்பிட்டிருந்தது.

ஆறு வருடங்களாக அவள் காத்திருந்த குரல். பதிவாகும்போதே ஒரே ஒரு முறை கேட்டிருந்தாள்.

மூடச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள்.

நாற்பது நிமிடம் ஆகும் என்றது திரை. பேட்டரியில் இருபத்தாறு.

செருப்பில்லாமல் ஓடினாள்.

வாசலில் டிரான்ஸ்ஃபார்மர். அடியில் லைன்மேன் சவரிமுத்து. பிடுங்கிய ஃபியூஸ் கட்டைகள் மூன்றும் அவர் தோள்பையில்; திரும்பச் செருகினால் மின்சாரம் வந்துவிடும். கம்பத்தில் ஆள் இருக்கும்வரை அந்தப் பை அவர் தோளைவிட்டு இறங்காது.

மேலே அவருடைய மச்சினன் இன்னாசி, பீங்கான்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், டீ எப்ப வரும்?"

"வேலையப் பாருடா. டீக்கே வாக்கப்பட்டவன் மாதிரி."

அவள் பையைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்தாள். வெளுத்த இரண்டு உள்ளங்கால்கள்.

"என்ன தாயி, ஓடியாறீக?"

"ஒண்ணுமில்லண்ணே. கரண்ட் எப்ப வரும்?"

"அஞ்சு மணிக்கு."

திரும்பி வந்து கணினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறுபத்து நான்கு விழுக்காட்டில் திரை இருண்டது.

மாலை ஐந்து ஐந்துக்கு மின்சாரம் வந்தது.

கோப்பு திறக்கவில்லை.

வெறும்பையோடு தண்ணீர் கேட்டு வந்த சவரிமுத்து அவள் முகத்தைப் பார்த்து விசாரித்தார். கடற்பசுக் கன்றின் குரல் போனதைச் சொன்னாள்.

"ஆவுளியாக் குட்டியா?" என்றார். தம்ளரைக் காலி செய்தார். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல தாயி. அந்தப் பயல எறக்கிட்டு அரை மணி நேரம் குடுத்திருப்பேனே. அவன் டீக்குத் தவிச்சுக்கிட்டுத்தான கெடந்தான்."

அவள் தம்ளரை மறுபடி நிறைத்தாள்.

அந்த வாரமே நிரலை மாற்றி எழுதினாள். மணிக்கு ஒரு புதுக் கோப்பு. மூடியதை நிரல் பிறகு தொடாது. எப்போது மின்சாரம் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழப்பில்லை.

ஆகஸ்ட் 11, அடுத்த பராமரிப்பு நாள். காலை எட்டு ஐம்பது. வாசலில் இன்னாசி.

"ஃபைல மூடிட்டீகளாக்கா? நீங்க சொன்னாத்தான் மச்சான் கட்டையப் புடுங்குவாராம்."

இனி யாரும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதை அவள் சொல்லவில்லை.

"கொஞ்சம் பொறுங்க. டீ போடுறேன். அண்ணனையும் கூப்பிடுங்க."

அன்று மின்சாரம் ஒன்பது பன்னிரண்டுக்கு நின்றது.