யார் வைத்த கேன்?

“யாரும் எதையும் தொடாதீங்க!”

அக்கா சட்டென்று இன்ஜினை நிறுத்தினாள். படகு கொஞ்ச தூரம் தானாக ஓடி, ஏரி நடுவில் நின்று ஆட ஆரம்பித்தது.

“என்னக்கா ஆச்சு?”

“பெட்ரோல் வாசனை. உனக்கு வரலை?”

தங்கை மூக்கை உறிஞ்சினாள். வந்தது. படகின் முன்பக்கத்திலிருந்து வந்தது.

ஆனால் உபரி பெட்ரோல் இருந்தது பின்பக்கம். பெட்ரோலுக்கென்றே விற்கிற சிவப்புக் கேன். காற்று படுகிற இடத்தில், சாயாமல் பட்டை போட்டுக் கட்டியிருந்தாள் அக்கா. கிளம்புமுன் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, கேனைக் கரையில் தரையோடு வைத்து, மேலே கொஞ்சம் இடம் விட்டுத்தான் நிரப்பினாள். தங்கையின் கணவர் அதற்கே சிரித்தார்.

“அண்ணி ரொப்பி முடிக்கறதுக்குள்ள நாம நீந்தியே அக்கரைக்குப் போயிடலாம்!”

இப்போது அவர் சிரிக்கவில்லை. நாலு வயது மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா மெல்ல முன்னால் போய், இருக்கைக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தாள். வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. சாக்குப் பைக்குள் அஞ்சு லிட்டர் தண்ணீர் கேன். சூட்டில் வயிறு உப்பி, மூடியோரம் பெட்ரோலைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி பேட்டரி.

தங்கை படகின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால் இதே ஏரியில்தான் அத்தான், அக்காவின் கணவர், தனியாகப் படகில் போய்த் தீயில் கருகிச் செத்தார். அன்றைக்கும் இதே மாதிரி தண்ணீர் கேனில் பெட்ரோல். “அவரேதான் வச்சாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு” என்று போலீஸிடம் அக்காதான் சொன்னாள். படித்த மனுஷனுக்கு இவ்வளவு அலட்சியமா என்று சொந்தபந்தமெல்லாம் வாய் ஓயாமல் பேசியது.

“அக்கா, காலடியில தண்ணி வேற நிக்குது...” தங்கையின் கை, தண்ணீர் இறைக்கும் பம்ப்பின் சுவிட்சை நோக்கிப் போனது.

அக்கா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அதைப் போட்டா நாலு பேரும் காலி! பெட்ரோல் ஆவி பூரா கீழேதான் தங்கும். ஒரு பொறி போதும்!”

குழந்தை வீறிட்டது.

“அழாதடா தங்கம். பெரியம்மா இருக்கேன்ல?”

அக்கா கேனைத் தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோனாள். மூடியை ஒரு இழை தளர்த்தினாள். உஸ்ஸென்று காற்று வெளியேறியதும் மறுபடி இறுக்கினாள். பிறகு காற்று உள்ளே புகும்படி எல்லாப் பெட்டிகளையும் திறந்துவிட்டு, மண்டியிட்டு, கசிந்ததைப் பழந்துணியால் ஒற்றி ஒற்றி, மூடி போட்ட வாளிக்குள் திணித்தாள். அடித்தண்ணீரையும் கிண்ணத்தால் அள்ளி அதிலேயே ஊற்றினாள்.

“இன்ஜினைப் போடலாமா, அண்ணி?”

“வேண்டாம். துடுப்பை எடுங்க, தம்பி.”

இரண்டு பேரும் வலித்தார்கள். எவ்வளவு வலித்தும் கரை நின்ற இடத்திலேயே நின்றது. நடுவே ஒரு படகு இவர்களைப் பார்த்துவிட்டு உதவிக்கு வந்தது. ஓட்டியவர் வாயில் சிகரெட் புகைந்தது.

“கிட்ட வராதீங்க! பெட்ரோல் கொட்டியிருக்கு!” அக்கா போட்ட கூச்சலில் அவர் மிரண்டுபோய் திரும்பிவிட்டார்.

தங்கை குழந்தையின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். முக்கால் மணி நேரம் கண்ணைத் திறக்கவே இல்லை.

படகு கரையில் தட்டியதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“யாரு அந்தக் கேனை வச்சது?”

அவள் கணவர் வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“நான்தான்டி” என்றாள் அக்கா. “அக்கரை வரைக்கும் போறோமே, பத்தலைன்னா என்ன பண்றதுன்னு வச்சேன். சிவப்புக் கேனைக் கட்டின அவசரத்துல அதை மறந்தே போயிட்டேன்.”

“மறந்துட்டியா? அத்தான் உயிர் போனதே அதுலதானே! அதுக்கப்புறமும் உனக்குப் புத்தி வரலையா? அவர் அலட்சியத்துல தன் உயிரை மட்டும் விட்டாரு. நீ என் குழந்தையையும் சேத்துல்ல கொல்லப் பார்த்தே! இனிமே என் வாசப்படி மிதிக்காதே!”

குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைப் பார்த்து விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

அக்கா கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். தங்கையின் கணவர் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். சட்டை முழுக்க வேர்வை.

“அண்ணி... நான் வச்ச கேனை எதுக்கு நீங்க வச்சதுன்னு சொன்னீங்க?”

“குழந்தைக்கு முன்னாடி உங்களை அவ கேக்கக் கூடாததெல்லாம் கேப்பா. அதான்.”

“நான் போய் அவகிட்ட எப்படி...”

“இன்னிக்கு வச்ச கேனைப் பத்தி நீங்களே சொல்லிடுங்க, தம்பி” என்றாள் அக்கா, கையைத் துடைத்தபடி. “அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி என் புருஷன் படகுல நீங்க வச்ச கேனைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லலை. இனியும் சொல்ல மாட்டேன்.”