ராஜாளிகள் ஏற்பாடு செய்த மேளம்

விசாரணை அறைக்குள் பெனிட்டா நுழையும்போதே மாடி வராந்தாவில் பூத்தட்டுகள் வந்து இறங்கிவிட்டன. ராஜாளிகள் என்று கல்லூரியே அஞ்சும் சீனியர் கூட்டத்தின் வழக்கம் அது. தலைவன் எந்த வம்பிலிருந்து தப்பி வந்தாலும் கீழே மேளம் முழங்க வேண்டும், மாடியிலிருந்து பெண்கள் பூத்தூவ வேண்டும். விடுதி விழாவன்று பெனிட்டாவை மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் தள்ளித் தாழிட்டுப் பலவந்தம் செய்த தங்கள் தலைவன் தினகர் இதிலும் தப்பிவிடுவான் என்றே அவர்கள் நம்பினார்கள். வெளியூர் செண்டைக்காரர்களிடம், "கதவு தொறந்து வர்ற ஆளு முன்னாடி அடிச்சிக்கிட்டே போங்கண்ணே. யாரு சொன்னாலும் நிறுத்தக் கூடாது" என்று சொல்லியும் வைத்திருந்தார்கள்.

"காலேஜ் பேரு கெடும், புகாரை வாபஸ் வாங்கிக்கம்மான்னு கெஞ்சுவாங்க. அசையாதடி" என்று தோழி ஹஸீனா சொல்லி அனுப்பியிருந்தாள். பெனிட்டா அசையவில்லை.

கதவு திறந்தது. முதலில் வந்தவள் அவள்தான். மேளம் இடியாக இறங்கியது.

"யோவ், இவ இல்லய்யா! நிறுத்துய்யா!"

ராஜாளிகள் கத்தியது அவர்கள் காதுக்கே கேட்கவில்லை. பின்னால் தினகர் வந்தான். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை இல்லை. அது முதல்வர் கையில் தொங்கியது. பூத்தூவ நிறுத்தப்பட்ட பெண்களோடு மாடியில் நின்று அதைப் பார்த்த ஹஸீனா தன் தட்டை அப்படியே பெனிட்டாவின் தலைமேல் கவிழ்த்தாள். அடுத்தடுத்து எல்லாத் தட்டுகளும் கவிழ்ந்தன.

பெனிட்டா ஓர் இதழைக்கூடத் தட்டிவிடவில்லை. கல்லூரி வாசலைத் தாண்டி, எதிரே இருந்த காவல் நிலையத்தின் பக்கம் திரும்பினாள்.

மேளமும் திரும்பியது.