கல்வெட்டின் மேல் வழிந்த தண்ணீர்

நகரத்துப் பழைய பள்ளிக்கூடம் ஒன்றில், மொட்டைமாடியின் வடிகுழாயை ஒரு பந்து அடைத்துக்கொண்டது. தேங்கிய மழைத் தண்ணீர் இறங்கி இறங்கி, கூரையைத் தாங்கிய தேக்கு உத்தரம் ஒரு முனையில் உளுத்துப்போனது. அது கத்தாத நாளில்லை. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம் கீழே சுவரில் இருந்த திறப்புவிழாக் கல்வெட்டைத்தான் படித்தார்கள்.

"உன்னைத்தானே பாக்குறாங்க, கொஞ்சம் நனைஞ்சு காட்டேன். தண்ணி எங்கேருந்து வருதுன்னு மேலே பாப்பாங்க," என்றது உத்தரம்.

"கவர்னர் துரை பேரு இருக்கிற மூஞ்சிய்யா இது!" என்றது கல்வெட்டு.

"நான் விழுந்தா அந்தத் துரை மேலதான்யா விழுவேன்."

அடுத்த மழையில் உத்தரம் முடிந்த மட்டும் சாய்ந்து, தண்ணீரைக் கல்வெட்டின் மேல் வழியவிட்டது.

தலைமையாசிரியர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "அடடா, இந்தப் பள்ளிக்கூடத்து வரலாறே இதுதானே!" என்று ஆட்களைக் கூப்பிட்டார். உத்தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

அவர்கள் கல்வெட்டை அலுங்காமல் பெயர்த்து, துண்டால் துடைத்து, புதுக் கட்டடத்துக்குத் தூக்கிப் போனார்கள்.

"மேலே பாருங்கய்யா!" என்று உத்தரம் அலறியது.

வழுக்கையில் ஒரு சொட்டு விழவும், தலைமையாசிரியர் குனிந்தபடியே குடையை விரித்துக்கொண்டார்.