இடது பக்கச் சாய்வு

சூடேற்றிய ஜன்னல் கண்ணாடிக்குத் திசை கிடையாது. அது ஆறுகிற நிமிடத்தில் வீட்டுக்காரர் கை எந்தப் பக்கம் துடைக்கிறதோ, அந்தப் பக்கமாகத்தான் அப்புறம் வெளிச்சம் விழும். ஜெசிந்தா வீட்டில் மட்டும் அது சாய்வாகக் கட்டில்மேல் விழும். துடைத்தவன் அவள் புருஷன் அருளப்பன், இடதுகைக்காரன். அவன் இறந்து இரண்டு வருஷம். கண்ணாடியும் இப்போது மங்கிவிட்டது.

"சூடு வெச்சா பழைய சாய்வு போயிடும்க்கா," என்றான் அதைச் சூடேற்றித் தெளியவைக்க வந்த மெக்கானிக்.

"வைங்க தம்பி. புள்ள இருட்டுல படிக்குது."

சூடேறிய கண்ணாடி தண்ணீராய்த் தெளிந்து நின்றது. அருளப்பன் மாதிரியே துடைத்துவிட நினைத்திருந்த ஜெசிந்தாவுக்குக் கை எழவில்லை.

"சீக்கிரம்க்கா! ஆறிட்டா திட்டுத்திட்டா போயிடும்!"

ஐந்து வயது மகள் ஸ்டெல்லா துணியைப் பிடுங்கி, ஸ்டூலில் ஏறி, ஒரே இழுப்பாகத் துடைத்தாள். பீச்சாங்கையால். அந்தக் கையை ஜெசிந்தா எத்தனை தடவை தட்டிவிட்டிருப்பாள்!

வெளிச்சம் சாய்ந்து வந்து கட்டில்மேல் உட்கார்ந்தது.

மத்தியானம் சோறு போட்டபோது ஸ்டெல்லா இடதுகையை நீட்டி, பயந்து இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கையாலயே சாப்பிடுடி," என்றாள் ஜெசிந்தா.