ஏழாவது ஆள்

"ஏம்மா சகாயமேரி, அந்த ஏழாவது ஆள் யாருன்னு இப்பவாவது சொல்லிடு."

உப்பளத் தொழிலாளர்களுக்குச் சமைக்கும் கொட்டகையின் வாசலில் நின்று கேட்டார் சுகாதார ஆய்வாளர் தட்சணாமூர்த்தி. அவர் போட்ட பூட்டு ஆறு நாளாகக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சமையல்ல நாங்க ஆறு பேருதான் சார். ஆறு பேருமே டெஸ்டுக்கு பாட்டில்ல குடுத்துட்டோமே."

"குடுத்தீங்க. லேப்ல பார்த்தாங்க, ஆறுமே சுத்தம். ஆனா உங்க கக்கூஸ்லேர்ந்து கழிவு வெளியே போற குழாயில நான் புடிச்சிட்டுப் போன தண்ணியில மட்டும் வைரஸ் இருக்குது. வாந்தி பேதி வைரஸ்."

"மெஷின் தப்பா சொல்லியிருக்குமோ, சார்?"

"ரெண்டு வாட்டி பார்த்தாச்சு. தண்ணிய வடிகட்டி, அதுல இருக்கற வைரஸோட மரபணுவை லட்சக்கணக்குல பெருக்கிப் பார்ப்பாங்க. துளியூண்டு இருந்தாலும் காட்டிக் குடுத்துடும்."

அந்த மெஷினைப் பெற்று வளர்த்தவரே தாம்தான் என்பதுபோல் பெருமையாகச் சொன்னார்.

சகாயமேரிக்குப் பயமாகத்தான் இருந்தது. இன்றைக்குள் பூட்டு திறக்காவிட்டால் வேறு ஆட்களை வைத்துக்கொள்ளப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருடமாக இந்த அடுப்பை நம்பித்தான் அவள் குடும்பம் ஓடுகிறது.

"மெட்ராஸ்லேர்ந்து உன் தம்பி மரியதாஸ் வந்திருக்கானாமே? அவனைத்தானே மறைக்கறே?"

"அவன் நேத்துதான் சார் வந்தான். நீங்க தண்ணி புடிச்சு பத்து நாளாச்சு."

தட்சணாமூர்த்தி விடுவதாக இல்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையேன்னு நினைக்காதே. இதை வயித்துல வச்சிக்கிட்டே நல்லா நடமாடுவாங்க. அந்தக் கை சோத்துல பட்டா இங்க சாப்பிடற நானூறு பேரும் படுத்துடுவாங்க. நல்லா யோசி. வேற யாராவது ஒரே ஒரு தடவை அந்தக் கக்கூஸுக்குப் போயிருந்தாலும் போதும்."

சகாயமேரி யோசித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள்.

"பயப்படாதம்மா. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் நான் பார்த்துக்கறேன். பேரைச் சொல்லு, எழுதிக்கறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

"தட்சணாமூர்த்தி" என்றாள் சகாயமேரி மெதுவாக. "அன்னிக்கு தண்ணி புடிக்கறதுக்கு முன்னாடி, காலையிலேர்ந்து வயிறு சரியில்லைன்னு மூணு வாட்டி உள்ள போயிட்டு வந்தீங்களே, சார்!"